முகாமுக்கு ஒரு பூட்டு

சமையல் அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். மேசையருகே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அய்லி. விறகுப் பெட்டியின் மேல், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் விமானி மர்டோ. மூன்றாவது ஆளான ரெய்னோ, அய்லியின் காலஞ்சென்ற கணவருக்குத் தம்பி, கூரைமேல் உட்கார்ந்து புகைபோக்கியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

மேசை நடுவில், அய்லி நடத்தும் ஏரிக்கரை மீன்பிடி முகாமின் கதவிலிருந்து சற்றுமுன் கழற்றிய பூட்டு கிடந்தது.

பனி உருகித் தண்ணீர் திறந்திருந்த ஆற்று முகத்தில் மிதவை விமானம் இறங்கியதும் வழியில் பனி ஒதுக்குவதற்காக மண்வாரியோடு முன்னால் ஓடியவன் ரெய்னோதான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மற்ற இருவரும் மேலேறி வந்தபோது, அவன் பூட்டின் முன்னால் நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

“அண்ணீ! இதுக்குள்ள ஒரு அணில் குடித்தனமே நடத்தியிருக்கு. வாடகை கேக்கவா?” குழாய் வழியாக அவன் குரல் இறங்கியது.

“கேலி அப்புறம். சீக்கிரம் அடைப்பை எடு. அடுப்பு மூட்டணும், விரல் விறைக்குது!” என்று அய்லி கத்தினாள். மேலே சுரண்டல் சத்தம் மறுபடி தொடங்கியது.

மர்டோ சிரிக்கவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, குளிர்காலம் பூரா நீங்க ரெண்டு பேரும் தெற்கே இருந்தீங்க. சேதி வந்திருக்காது. நம்ம வெண்டல் போயிட்டான்.”

“யாரு, நமக்கு ஐஸ் வெட்டித் தர்ற வெண்டலா?”

“அவனேதான். பிப்ரவரியில. நடு ஏரியில பனிவண்டி நின்னுபோச்சு. புயல் வேற. ஆளைக் கண்டெடுத்தது அதோ, அந்தத் தீவு முனையில.”

அய்லி திரும்பிப் பார்த்தாள். கறுத்து இற்றுப்போன பனிக்கு அப்பால், முனை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

“இங்க வந்துட்டு இருந்தானா? இல்ல, வந்து பாத்துட்டுத் திரும்பினானா?”

“யாருக்குத் தெரியும்? அடிச்ச காத்துல தடமெல்லாம் மூடிப்போச்சு. போலீஸ் விமானத்துல வந்து பனிமேலயே இறங்கி அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாங்க.” மர்டோ தொப்பியைக் கையில் சுருட்டினான். “அவன் பொண்டாட்டி கொரினைத்தான் பாக்க முடியல. யாரைப் பாத்தாலும் இதையே கேக்கறா. ‘முகாம் கதவு தொறந்துதானே இருக்கும், அந்த மடையன் ஏன் அங்க போகல?’ன்னு.”

அந்த வடக்கில் முகாமை யாரும் பூட்டுவதில்லை. வழிதவறி வருபவனுக்காக அடுப்பில் விறகை அடுக்கி, தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அய்லியும் போன வருஷம் வரை அப்படித்தான் செய்தாள்.

படகு மோட்டார்கள் களவு போன பிறகுதான் அவள் புத்தி மாறியது. சென்ற இலையுதிர்காலத்தில் விருந்தாளிகளோடு முன்னால் கிளம்பியவள், முகாமை மூடப் பின்தங்கிய ரெய்னோவின் கையில் இந்தப் பூட்டைத் திணித்தாள். “பூட்டாம வந்தே, அடுத்த வருஷம் உனக்கு இங்க வேலை இல்ல” என்றாள்.

எழுந்துபோய் இரும்பு அடுப்பைத் திறந்தாள். அடியில் சட்டெனத் தீப்பற்றும் பூர்ச்சமரப்பட்டை, மேலே பிளந்த விறகு, ஓரத்தில் தீப்பெட்டி. பூட்டச் சொல்லியும், பழகிய கை அடுக்கிவிட்டுத்தான் போயிருக்கிறது.

உள்ளே விறகு, வெளியே பூட்டு. அய்லி பெட்டியைக் கிளறித் தாளும் பேனாவும் எடுத்தாள்.

“என்னக்கா எழுதறீங்க?”

“கொரின் கேட்டதுக்குப் பதில்.”

“வேணாங்க்கா. நான் எந்தப் பூட்டையும் பாக்கல, சரியா? இது வெளிய தெரிஞ்சா அவ சனத்துல ஒருத்தன்கூட இங்க விருந்தாளிங்களுக்கு வழிகாட்ட வரமாட்டான். அப்புறம் முகாமை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“மூடினா மூடிட்டுப் போகுது. புருஷனை மடையன்னு நெனச்சுக்கிட்டே அவ காலம் தள்ளணுமா?”

வெண்டல் மடையனில்லை என்று எழுதினாள். அவன் இங்கே வந்திருப்பான், கதவைப் பூட்டச் சொன்னவள் நான் என்று எழுதினாள். உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, முஷ்டியால் இரண்டு முறை குத்தினாள்.

காற்று திசை மாறினால் ஏரிப் பனிக்கட்டி மிதந்து வந்து ஆற்று முகத்தை அடைத்துவிடும். மர்டோ கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

விமானம் மரங்களைத் தாண்டி மறைந்த பிறகு, ரெய்னோ முகமெல்லாம் கரியோடு உள்ளே வந்தான்.

“மர்டோ ஏன் காப்பிகூடக் குடிக்காம ஓடிட்டான்? உங்க காப்பிக்குப் பயந்துட்டானா?”

அய்லி எல்லாவற்றையும் சொன்னாள். வெண்டல், தீவு முனை, கொரின், கடிதம். கேட்கக் கேட்க ரெய்னோ விறகுப் பெட்டிமேல் சரிந்து உட்கார்ந்தான்.

“திட்டுவீங்கன்னு பயந்து, அந்தப் பூட்டை நான் இன்னிக்குக் காலையிலதான் மாட்டினேன் அண்ணி.”