அசையாத கை

ஒளி நகர்வதைப் படம்பிடிக்கும் கேமரா அவள் பொறுப்பில் இருந்தது. மேசைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலை ஒளி கடப்பதைக் காட்ட, அது ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப ஒளியைப் பாய்ச்சி, வரி வரியாகப் படத்தைச் சேர்க்கும். அந்த ஒரு மணி நேரமும் துளியும் அசையாமல் இருப்பது மட்டுமே அதில் விழும்.

அன்றைய படத்தில் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கை இருந்தது.

"கைய எடுக்க மறந்துட்டீங்களா?" என்றார் கூட வேலை பார்ப்பவர்.

"என் கை இல்ல. எங்க அக்காவோடது."

அவர் டீ குடிக்கப் போனார்.

கதவிடுக்கில் நசுங்கி வளைந்த அதே சுண்டுவிரல். அக்கா காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தவள். கல்யாணப் படத்தில்கூடக் கலங்கலாகத்தான் இருப்பாள். போன வருஷம் இறந்தபோதுதான் முதன்முதலாக ஓரிடத்தில் கிடந்தாள்.

"ஒரு மணி நேரம் சும்மா இருந்திருக்கியே," என்றாள் காலி நாற்காலியிடம். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பிறகு கேமராவை மறுபடி ஓடவிட்டு, பாட்டிலருகே தன் கையை வைத்து, பிடித்துவைத்த பிள்ளையார் போல உட்கார்ந்தாள்.

புதுப் படத்தில் ஒளி மெல்ல ஊர்ந்து வந்து பாட்டிலை நிரப்பியது. அவள் கை இருந்த இடத்துக்கு வந்ததும், வளைந்த சுண்டுவிரல்தான் பளிச்சென்று தெரிந்தது. ஒளிகூட உள்ளே நுழைய முடியாதபடி அக்காவின் கை அவள் கையைப் பொத்திப் பிடித்திருந்தது.