ரெண்டு செட் பாட்டில்

"நெஞ்சுல சேர்ற நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் இந்தப் பாட்டில்ல வடிக்கணும்மா. குழாய் மட்டும் மடங்கிடக் கூடாது," என்றாள் நர்ஸ்.

நுரையீரல் புற்றுநோயோடு கட்டிலில் சாய்ந்திருந்த கணவர், மறுநாள் நெஞ்சுக் குழாயோடு வீடு திரும்புகிறார். மனைவி ஒன்றுக்கு இரண்டு தடவை பிசகில்லாமல் செய்து காட்டினாள்.

"கற்பூர புத்திம்மா உங்களுக்கு."

"ரெண்டு செட் பாட்டில் குடுங்க சிஸ்டர்."

"ஒரு செட் போதுமே. தீர்ந்ததும் வாங்கிக்கலாம்."

"வழக்கம்போல வியாழன், வெள்ளி இவரு வெளியூர்ல தங்குவாரு. அங்க ஒரு செட் இருக்கட்டும்."

கணவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "வேலைக்குத்தான் முழுக்குப் போட்டாச்சே. இனிமே என்ன வெளியூர்?"

"உங்களுக்குக் குழாய் போட உள்ள கூட்டிட்டுப் போனப்ப உங்க போன் அடிச்சுது. 'அப்பா, எப்ப வருவீங்க'ன்னு ஒரு குழந்தை கேட்டுச்சு. நமக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்லையே."

கணவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மூச்சு இரைத்தது. குழாய் மடங்கிவிட்டதோ என்று நர்ஸ் பதறிப்போய்த் தடவிப் பார்த்தாள். குழாய் சரியாகத்தான் இருந்தது.

மனைவி கதவுப் பக்கம் திரும்பி, "உள்ள வாம்மா," என்றாள்.

வெளியே காத்திருந்த இளம்பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். அவரை ஏறிட்டுப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. நர்ஸுக்கு யாரைப் பார்ப்பதென்றே தெரியவில்லை.

"இவளுக்கும் ஒரு தடவை சொல்லிக் குடுங்க சிஸ்டர்," என்றாள் மனைவி. "அந்த ரெண்டு நாள்ல நான் அங்க போய்ச் செய்ய முடியாது."