ஏரி ஃபார்ம்

பொறியாளர் இரண்டாம் முறையும் “ஏரிஃபார்ம்” என்று சொன்னபோது ரெத்தினம் எழுந்து நின்றார்.

“ஏரின்னா... மீன் பண்ணை போடப் போறாங்களா, டீச்சரம்மா?”

குத்தாலம் கல்யாண மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. ரெத்தினம் சிரிக்கவில்லை. ஊருக்கு மேற்கே மூடிக் கிடக்கும் எண்ணெய்க் கிணற்றைத் திரும்பத் திறக்கச் சம்மதம் கேட்கும் கூட்டம் அது. கிணற்றை ஒட்டித்தான் அவருடைய மூன்று மா நிலம்.

பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வந்திருந்தவள் வானதி. கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள்.

கிணற்றைத் திறக்கும்போது ஏரிஃபார்மாகச் சில பொருட்கள் வெளியேறும் என்றுதான் பொறியாளர் சொன்னார். காற்று வடிவானது என்று பொருள். அதிகம் புழங்காத சொல். வேப்பரஸ், ஈத்தீரியல் என்று அதற்குக் கூடப்பிறந்த சொற்களும் உண்டு. கவிதையில் வந்தால் அழகாக இருக்கும்.

கேஸ் என்றே சொல்லியிருந்தால் ரெத்தினத்துக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருந்திருக்காது.

பக்கத்து நாற்காலியில் இருந்த பிரபு, கம்பெனியின் மக்கள் தொடர்பு அலுவலர், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தான்.

“காத்து மாதிரின்னு சொன்னாப் போதும்.”

அது பொய்யும் இல்லை.

கீழே யாரோ, மீன் பண்ணை என்றால் நல்லதுதானே என்றார். முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். ரெத்தினம் உட்காராமல் வானதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பிரபுவின் கையை விலக்கி மைக்கை எடுத்தாள்.

“மீன் பண்ணை இல்லீங்க ஐயா. கேஸு. கிணத்தைத் திறந்தா கேஸ் வெளிய வரும்.”

சிரிப்பு நின்றது. பின்வரிசைப் பெண்கள் எழுந்தார்கள். எவ்வளவு தூரம் வரும், பள்ளிக்கூடம் வரைக்கும் வருமா, ராத்திரி வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். வானதி ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். பொறியாளர் பிரபுவைப் பார்த்தார். பிரபு மேசையைப் பார்த்தான்.

சம்மதம் கேட்காமலேயே கூட்டம் கலைந்தது. வாசலில் ரெத்தினம் அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிரபு பைக்கை எடுத்தான். வானதி எப்போதும்போல் பின்னால் ஏறி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

காவிரிக்கரைச் சாலைக்கு வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்தான்.

“எனக்கு வேலை போயிரும்.”

“தெரியும்.”

“கேஸுக்கு ஊர்ல யாருக்கும் புரியாத வார்த்தையா ஒண்ணு சொல்லுன்னு போன வாரம் கேட்டேன். தேடி எடுத்துக் குடுத்தது நீதான்.”

“ஆமா,” என்றாள் வானதி. “எதுக்குன்னு கேக்காமக் குடுத்தேன்.”