எட்டுக் குதிரைக்காரன்

"எட்டு குதிரை நைனா! ஒரே மாசத்துல எட்டு குதிரை! என் ரெண்டு காதால கேட்டேன்."

லாவண்யா மூக்கைச் சிந்தினாள். கூடத்தின் நடுவில் அவளுடைய துணிப்பை ஜிப் போட்டுத் தயாராக நின்றது. திருமுல்லைவாயிலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்த அவள் அப்பா உத்தமனும் அம்மா ஜெகதாம்பாளும் சோபாவை நிரப்பியிருந்தார்கள். குற்றவாளியான லாவண்யாவின் புருஷன் வெங்கட்டுக்கு, அவன் சொந்த வீட்டிலேயே, பிளாஸ்டிக் ஸ்டூல்தான் கிடைத்தது.

"யார்கிட்டயோ போன்ல சொல்லிகினு கீறாரு. எட்டு குதிரை எறக்கினாராம், ஏழு படுத்துகிச்சாம், ஒண்ணே ஒண்ணு ஓடிப் போயி மானத்த காப்பாத்திச்சாம்!"

"வெள்ளக் குதிரையா?" என்றார் உத்தமன்.

"கலரு இப்ப ரொம்ப முக்கியமா நைனா?"

உத்தமன் தொண்டையைச் செருமிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

லாவண்யா சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது. இறக்கியது எட்டு, படுத்தது ஏழு. ஆனால் ஒவ்வொரு குதிரையும் கட்டைவிரல் உயரம். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குதிரைப்படை, பிளாஸ்டிக்கில். பெட்டியில் கை தனி, கால் தனி, தலை தனியாக வரும். வெட்டி, ஒட்டி, ஊசிமுனை பிரஷ்ஷால் கவசத்துக்கு வெள்ளி பூச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையானால் பூந்தமல்லியில் ஆசிமின் தையல் கடை பூட்டியிருக்கும். உள்ளே துணி வெட்டுகிற மேசைமேல் நண்பர்கள் இரண்டு பேரும் படைகளை நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். ஆசிம் இங்கிலாந்துக் கட்சி. அவன் வில்லாளிகளைப் போல அயோக்கியர்களை வெங்கட் பார்த்ததில்லை.

இதைச் சொல்லித் தொலைத்தால் விவகாரம் முடிந்தது. எப்படிச் சொல்வது? ஆவடியில் பகலெல்லாம் நிஜ ராணுவ டாங்கிக்கு போல்ட் முடுக்குகிற ஆள், சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பொம்மைக் குதிரைக்கு வால் ஒட்டுகிறான் என்று வெளியே தெரிந்தால் போதும். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அவன் பெயர் பொம்மை வெங்கட். குதிரை ரேஸ் சூதாடி என்றாலாவது அதில் கொஞ்சம் கெத்து இருக்கிறது.

"வாயத் தொறந்து பேசுங்க மாப்ள," என்றாள் ஜெகதாம்பாள். "உங்க மாமனார பாத்தாவது கத்துக்கக் கூடாதா? ஞாயித்துக்கெழமயானா முழங்காலுக்கு எண்ணெக் கட்டு போட போவாரு, வருவாரு. வேற ஒரு கெட்ட பழக்கம் உண்டா? இந்த மூணு வாரமா வலி ஜாஸ்தியாயி, மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வர்றாரு, பாவம். அப்பவும் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு."

உத்தமன் வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

லாவண்யா எழுந்து போய்த் தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்தாள். "இனிமே குதிரைய தொட மாட்டேன்னு இத அணைச்சு சத்தியம் பண்ணட்டும். பைய எடுத்து உள்ள வெச்சிடறேன். இல்லன்னா இப்பவே உங்ககூட வந்துடறேன்."

வெங்கட்டின் கை நெருப்பு வரைக்கும் போய் நின்றது. லாவண்யா இல்லாத வீட்டில் அவனால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அதே சமயம் இந்தச் சத்தியத்தைச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை குதிரையைத் தொட்டால் கண் அவிந்துபோகும் என்று மனதார நம்புகிறவன்.

"இல்ல லாவண்யா... வர்ற ஞாயித்துக்கெழம ஒரு சண்ட கீது..."

"ஐயையோ, அடிதடி வேறயா!" என்று ஜெகதாம்பாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

உத்தமன் சட்டென்று எழுந்தார். "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. நானும் மாப்ளயும் மேல போயி தனியா பேசிக்கிறோம்." சொல்லிவிட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். வெங்கட்டுக்குத்தான் மூச்சு வாங்கியது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு மிக்சி பெட்டியை வெங்கட் இழுத்தான். இனி மறைத்துப் பயனில்லை.

"மாமா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் ரேஸ் பக்கம் தலவெச்சு படுத்ததில்ல. அந்த எட்டு குதிரையும் இதான். பொம்ம."

தெர்மக்கோலில் செருகி வைத்த குட்டிக் குதிரைகள் வரிசையாக நின்றன. மாமனார் விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறார் என்று வெங்கட் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்புச் சத்தம் வரவில்லை.

உத்தமன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெள்ளைக் குதிரையை மட்டும் பிடுங்கி எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுண்டினார்.

"அன்னிக்கு நம்மூட்ல சாப்ட்டு முடிச்சுட்டு பால்கனில நின்னு போன்ல சொன்னீங்களே, வெள்ளக் குதிரைய ஒருத்தனும் அசைக்க முடியாது, கண்ண மூடிகினு நம்பலாம்னு... அது?"

"இதான் மாமா."

"பிளாஸ்டிக்கா?"

"ஆமா மாமா."

உத்தமன் தொட்டிச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"இத நம்பியா மாப்ள, மூணு வாரமா நான் ரேஸ்ல கட்டிகினு கீறேன்?"