மார்க்கெட் மூடும் வரை

“காலையிலேர்ந்து போனையே பாத்துட்டிருக்காரு. ஏதோ பெரிய டீல் போல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மேன்” என்று எச்சரித்துத்தான் உத்தமனை உள்ளே அனுப்பினாள் ரிசப்ஷன் மௌரீன்.

பெங்களூர் தொம்மலூரின் அந்தப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் முதலாளி வைத்தீஸ்வரன் நிமிரவில்லை. மேஜையில் அவருடைய நோக்கியா. பக்கத்தில் ஐயங்கார் பேக்கரிப் பெட்டி, நூலில் செருகிய பிளாஸ்டிக் கத்தியோடு, கட்டியது கட்டியபடி இருந்தது.

“டிரேடருக்குப் படிப்பு வேணாம், கணிப்பு வேணும். ஒரே கேள்வி. இன்னைக்கு மார்க்கெட் மூடறதுக்குள்ள இந்த போனுக்கு எத்தனை எஸ்எம்எஸ் வரும்? ஆபீஸ் விஷயம் சேராது. சரியா சொன்னா வேலை.”

இந்த வேலையும் இல்லையென்றால் உத்தமன் பொம்மனஹள்ளி ரூமைக் காலி செய்துவிட்டு தர்மபுரி பஸ் ஏற வேண்டியதுதான்.

“முன்னாடி வந்தவங்க என்ன சார் சொன்னாங்க?”

“ஒருத்தன் அம்பதுன்னான். ஒரு பொண்ணு நூறுங்குது. முதலாளியாச்சே, ஐஸ் வெக்கறாங்க. ஆமா, உனக்கு ஒரு நாளைக்கு எத்தனை வரும்?”

“ரிங்டோன் வேணுமான்னு செல் கம்பெனிக்காரன் கேப்பான் சார். இந்த ஊர்ல வேற யாரு இருக்கா எனக்கு?”

வைத்தீஸ்வரன் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். “நம்பரைச் சொல்லு.”

உத்தமனின் கண் பேக்கரிப் பெட்டி மேல் ஒரு கணம் நின்றது. “ஒண்ணு.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒன்றுமே இல்லை.

“பூஜ்யம்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. நீதான் கிட்ட வந்தே. ஆனா தோத்துட்டே தம்பி. மார்க்கெட் மூட இன்னும் அஞ்சு நிமிஷம்தான். இனிமே எவன் அனுப்பப் போறான்?”

பெட்டியை நகர்த்தினார். “போறப்ப இதை மௌரீன்கிட்ட குடுத்துடு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் திங்க ஆள் இல்ல.”

உத்தமன் எழுந்தான். பெட்டியை எடுக்கவில்லை. கதவு வரை போனவன், முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றான்.

“இன்னும் என்ன?”

“ஒண்ணுமில்ல சார்.”

மேஜையில் நோக்கியா ‘பீப் பீப்’ என்றது. வைத்தீஸ்வரன் பாய்ந்து எடுத்தார். நம்பரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. இன்டர்வியூவுக்கு வரச் சொல்லி நேற்று அவரே இதே போனிலிருந்து கூப்பிட்ட நம்பர்.

“டேய், இது போங்கு! அனுப்பினது நீதானே?”

உத்தமன் திரும்பினான். அவன் கையில் செல்.

“மார்க்கெட் இன்னும் மூடலையே சார். மெசேஜைத் தொறந்து பாருங்க.”

திறந்தார். அதில் இருந்ததை அவனே வாய்விட்டுச் சொன்னான்:

“ஹாப்பி பர்த்டே சார்.”