கரையான் விட்ட வீடு

“அண்ணே, இன்னும் ஒரு டின் கருப்பு ஆயில் கெடைக்குமா?”

வேலிக்கு அந்தப் பக்கம் மார்வா நின்றிருந்தாள். முழங்கை வரைக்கும் மண். டார்ன்லி காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். இந்தத் தெருவில் அவன் மெக்கானிக் பட்டறை போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. இஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலுக்கு இப்படி ஒரு வாடிக்கை வரும் என்று அவன் நினைத்ததில்லை.

“நேத்து கொடுத்தது என்னாச்சு? குடிச்சிட்டியா?”

“கரையானுக்கு ஊத்திட்டேன். வீட்டோட பின்பக்க அடிக்கட்டை முடிஞ்சுது. முன்பக்கம் பாக்கி.”

“மருந்தடிக்கிற கம்பெனிக்காரனைக் கூப்பிடேம்மா. பிரிட்ஜ்டவுன்ல ஆள் இருக்கான்.”

“அவன் வர அடுத்த மாசம் ஆகுமாம். தச்சர் மேயர்ஸ் இந்தச் சனிக்கிழமையே வர்றார். ஒவ்வொரு கட்டையாத் தட்டிப் பார்ப்பார். ஒண்ணு உளுத்திருந்தாலும் முடியாதுன்னு தலையாட்டிட்டுப் போயிருவார். மறுபடி கூப்பிட்டா வரமாட்டார். அதோட என் கதை முடிஞ்சுது.”

“பலகை வீடு. பாதி தின்னாச்சு. மீதியையும் தின்னுட்டுப் போகட்டும், விடு” என்று சிரித்தபடி டின்னைக் கொடுத்தான்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் வேலையைப் போட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றுவிட்டான்.

வீடு அஸ்திவாரம் இல்லாமல் வெறும் கல் அடுக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு ஆள் தவழும் உயரம். மார்வா அதற்குள் மல்லாந்து படுத்து, கல்லிலிருந்து கட்டைக்கு ஏறிய மண்கோடுகளை ஒன்றுவிடாமல் சுரண்டினாள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கட்டையைத் தட்டினாள். பொத்தென்று கேட்ட இடத்தில் துளை போட்டு, கரையானைக் கொல்ல வெந்நீரில் கரைத்த வெங்காரப் பொடியைச் சிரிஞ்சால் ஏற்றினாள். அது காய்ந்த பிறகுதான் ஆயில். சுவரோடு அடுக்கியிருந்த விறகு வேலிக்குப் போனது. கூரைத் தண்ணீர் சுவரோரம் சொட்டாதபடி தகரத்தை வளைத்துத் திருப்பிவிட்டாள்.

நான்காம் நாள் ஜாக்கி கேட்டாள். வீட்டின் மூலையைத் தூக்கி, உளுத்த ஒரு முழத்தை அறுத்தெடுத்துப் புதுக்கட்டை சேர்த்தாள். கல்லுக்கும் கட்டைக்கும் நடுவே, தட்டி நிமிர்த்திய எண்ணெய் டின் தகரம். விளிம்பு நாலு பக்கமும் கீழ்நோக்கி மடங்கியிருந்தது.

“இது எதுக்கு?”

“கரையான் ஒளிஞ்சுதான் ஏறும். இனிமே இந்த விளிம்பைச் சுத்தித்தான் வரணும். வந்தா என் கண்ணுல மாட்டும்.”

“யாரு சொல்லிக் கொடுத்தா?”

“கரையான்தான். நாலு நாள் அடியில படுத்துக் கிடந்தா அதுவே சொல்லும்.”

மேலே ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கார்லைல். மார்வாவின் கணவன்.

“ஏ மார்வா, தட்டுறதை நிறுத்து! விக்கெட் விழுந்ததுகூடக் காதுல விழலை.”

டார்ன்லிக்குப் பொறுக்கவில்லை. “கார்லைல், எறங்கி வந்து ஒரு கை கொடுய்யா.”

“அவளுக்கு ஆசை, அவ செய்யட்டும். இந்த வீடு தேறாதுன்னு நான் நாலு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அன்று ரம் கடையில் டார்ன்லிக்கு வேறு பேச்சே இல்லை. “பொம்பளைன்னா அவதான்யா! அந்தச் சோம்பேறி தலைக்கு மேல கூரை நிக்கணும்னு மண்ணுல புரளுறா.” தன்னை விட்டுப் போன மனைவி ஒரு ஆணிகூட அடித்ததில்லை என்று நினைத்துக்கொண்டான். தானும் அடித்ததில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை மேயர்ஸ் வந்தார். குள்ளமான மனிதர். வணக்கம்கூடச் சொல்லாமல் சுத்தியலோடு வீட்டுக்கு அடியில் புகுந்தார். கார்லைல் ரேடியோவை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தான். டக், டக் என்று சத்தம் மூலை மூலையாக நகர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது. திரும்பவும் அதே இடத்தில் மூன்று முறை தட்டினார். மார்வா குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள்.

வெளியே வந்த மேயர்ஸ் முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“யாரு பார்த்த வேலை இது?”

“நான்தாங்க.”

“என்கிட்ட இருக்குற பயலுக வெக்கப்படணும். ஒரு கட்டைகூட உதிராது.”

மார்வா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டார்ன்லி கைதட்டினான். “கார்லைல், கொடுத்து வச்சவன்யா நீ!”

கார்லைல் முகம் தொங்கிப்போய் உள்ளே போனான்.

“அப்போ லாரி எப்போங்க?” என்று கேட்டாள் மார்வா.

“திங்கக்கிழமை காலையில. பலகைச் சுவரைக் கழட்டி ஏத்திட்டா, ரெண்டே நாள்ல கார்லைலோட அண்ணன் நெலத்துல நிறுத்திரலாம்.”

டார்ன்லி விழித்தான். “லாரியா? இவ்வளவு பாடுபட்டு வீட்டைத் தூக்கிக்கிட்டு நீ எங்கம்மா போறே?”

“நான் எங்கேயும் போகலை அண்ணே. நெலம் எங்க அம்மா எனக்கு எழுதி வச்சது. வீடுதான் அவரோடது. நாங்க பிரிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. ‘கழட்டினா வீடு பொடியாயிரும், வீடு இல்லாம நான் எங்க போவேன்’னு இங்கேயே உக்காந்திருந்தார்” என்றபடி மார்வா பாவாடையில் ஒட்டிய மண்ணை உதறிக்கொண்டு எழுந்தாள். “இப்போ வீடு கெட்டி. அவரு கெளம்ப வேண்டியதுதான்.”