அறுபத்து மூன்று பேர்

எதிர் டீக்கடையில் இரண்டு பேர் அரை மணி நேரமாக உட்கார்ந்து, கம்பெனி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகிறவர்களை ஒருவர் விரல் விட்டு எண்ணுவதாகக் கணக்குப்பிள்ளை பாலுசாமி வந்து சொன்னதும், முதலாளி வரதராஜுலு காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வந்துட்டாங்க பாலு" என்றார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செய்யும் பவுண்டரி அது. பெயர்ப்பலகையில் 'இண்டர்நேஷனல்' என்று இருக்கும். அவருடைய பம்புகள் இதுவரை தாண்டிய ஒரே எல்லை, கேரளாவுக்குப் போகிற வாளையார்.

அக்கா மகன் சைதன்யாவுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை தயாராக இருந்தது. தொண்ணூற்றெட்டில் அங்கே ஆள் போதவில்லை. அனுபவச் சான்றிதழ் மட்டும் கேட்டார்கள். பையனின் அனுபவமோ காந்திபுரத்தில் ஆறு மாத வகுப்பு. தாய்மாமன் எதற்கு இருக்கிறான் என்று வரதராஜுலு தன் லெட்டர்பேடை எடுத்து, எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் நான்கு வருடமாக இவர்தான் தலைவர் என்று டைப் அடிக்கச் செய்து, சீலும் குத்திக் கொடுத்தார். கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர் உண்டுதான். அதன் மேல் போர்த்திய துணியை எடுப்பது ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும்.

மெட்ராஸில் விசா அதிகாரி அந்தச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்.

வேலையைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் அன்றே எச்சரித்தார். விசாரிக்க ஆள் வருவது தெரியாது, சாதாரணச் சட்டை பேண்ட்டில் வருவார்கள், பொய் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் அமெரிக்கா கிடையாது. ஆவணியில் சைதன்யாவுக்கும் வரதராஜுலுவின் மகள் ஷ்ரவ்யாவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே யு.எஸ்.ஏ. என்று தங்க எழுத்தில் அச்சடித்து, அன்னூர் வரைக்கும் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது.

இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். கண்ணாடி போட்டவர் சட்டைப் பையிலிருந்து ஏதோ அட்டையை எடுக்கப் போனார். வரதராஜுலு கையைத் தூக்கித் தடுத்தார்.

"அட, கார்டெல்லாம் எதுக்குங்க? நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்களா. எது வேணாலும் கேளுங்க, இங்க ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

கண்ணாடிக்காரர் அட்டையை உள்ளேயே விட்டுவிட்டார். சிரிக்கவில்லை. கூட வந்தவர் நீளமான நோட்டைப் பிரித்தார்.

முதல் கேள்வியே, இங்கே மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதுதான்.

பாலுசாமி முதலாளியின் காதருகே குனிந்தார். "ரெஜிஸ்டர்ல பத்தொம்பதுதானுங்க. இருபதானா பணம் கட்டற சட்டத்துக்குள்ள வந்துருவோம்னு நீங்கதானுங்க..."

"அது நம்மூரு கவர்மெண்டுக்கு. பத்தொம்பது பேரு இருக்கற எடத்துல கம்ப்யூட்டர் பிரிவுன்னா அமெரிக்காக்காரன் நம்புவானா? நீ பேசாம நில்லு" என்று வாய் அசையாமல் சொல்லிவிட்டு, வரதராஜுலு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அறுபத்திமூணு பேருங்க."

பட்டறையில் ஐம்பத்திரண்டு, பீளமேட்டுப் பிராஞ்சில் கம்ப்யூட்டர் ஆட்கள் பதினொன்று என்று விளக்கினார். பிராஞ்சு அந்த நிமிஷம்தான் பிறந்தது. அதுவும் இதே கம்பெனியைச் சேர்ந்ததா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். எல்லாம் ஒரே முதலாளி, ஒரே நிர்வாகம் என்று வரதராஜுலு மார்பைத் தொட்டுக் காட்டினார். பேனா அதையும் எழுதிக்கொண்டது.

ஆட்களைப் பார்க்கலாமா என்றார்கள். பைல் பிடித்த ஆள் யார் வந்தாலும், ரெஜிஸ்டரில் பெயர் இல்லாதவர்கள் பின்வாசல் வழியாகச் சோளக்காட்டில் இறங்கிவிடுவது அந்தப் பட்டறையின் பழக்கம். அன்றும் பாதிப் பேருக்கு மேல் இறங்கியிருந்தார்கள். வரதராஜுலுவே ஓடிப்போய், போனவர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்தினார்.

உலை ஊதுகிற மோட்டாரை நிறுத்தினார்கள். கரிமண் அப்பிய உடம்போடு ஐம்பத்திரண்டு பேரும் நின்றார்கள். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

பெயர் என்ன, எத்தனை வருடம் என்று ஒவ்வொருவரிடமும் கேள்வி. ஒவ்வொருவரும் முதலாளி முகத்தைப் பார்த்தார்கள். அவர் இடுப்புக்குக் கீழே நான்கு விரலை நீட்டிக் காட்டினார். போன வெள்ளிக்கிழமை சேர்ந்த மெஹராஜ் கூட நாலு வருஷமுங்க என்றாள்.

கண்ணாடிக்காரர் திரும்பினார். "எல்லாருமே நாலு வருஷமுங்களா?"

"தொண்ணூத்திநாலுல இருந்துங்க. ஒருத்தரும் நடுவுல நின்னதில்லீங்க."

எழுதியதை நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தன் வாயால் சொன்னதைத் தானே படிப்பது வரதராஜுலுவுக்குக் கௌரவக் குறைச்சல். பச்சை மை பேனாவால் ஐந்து பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, கேட்காமலே சீலும் குத்தினார். பாலுசாமிதான் ஏனோ வியர்த்துக்கொண்டே இருந்தார்.

நோட்டு பைக்குள் போனது. வரதராஜுலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இளநீர் வெட்டச் சொன்னார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்து, வாய் நிறையச் சிரிப்போடு கேட்டார்.

"ஏனுங்க, எங்க சைதன்யாவுக்கு விசா எப்பங்க கைக்கு வரும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"எந்த விசாங்க? நாங்க பி.எஃப். ஆபீசுங்க."